தீர்ப்பு என் பக்கம், பிள்ளை யார் பக்கம்?

பெற்றவள் கேட்கிறேன். தீர்ப்பு எனக்குச் சாதகம் என்று எல்லாரும் கைகுலுக்கினீர்களே, பிள்ளை எங்கே?

சிரம்பான் ரஹாங்கில் அம்மா வீட்டோடு இருக்கிறேன். பால்மரம் வெட்டி என்னை வளர்த்த அம்மா. மகன் என்னிடம் இருக்கவேண்டும், அப்பா வார இறுதியில் அழைத்துப்போய்த் திருப்பி விடவேண்டும் என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெற்றியில் திருநீறு பூசி, இரண்டு மாற்றுத்துணியை மடித்துப் பையில் வைத்து அனுப்பினேன். ஞாயிறு இரவு போனை எடுக்க ஆளில்லை. திங்கட்கிழமை காலையில் பாலர் பள்ளிச் சட்டை தேய்த்தபடியே ஆணியில் தொங்கியது. உத்தரவைத் தூக்கிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு ஓடினேன். "அப்பாகிட்டதானேம்மா இருக்கான், குடும்ப விஷயம், லாயரைப் பாருங்க" என்றார்கள். லாயரோ நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாம் என்கிறார். அதற்குக் கட்ட வெள்ளிக்கு எங்கே போவேன்? இருந்த நகையெல்லாம் முதல் வழக்குக்கே அடகுக்கடைக்குப் போய்விட்டது.

1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சட்டத்தில் 88ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தோடு நீதிமன்றம் தொடங்கவேண்டும் என்கிறது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறது: கைமாற்றி கைமாற்றிப் பிள்ளையின் வாழ்வைக் குலைப்பது நல்லதல்ல, அதையும் பார்க்கவேண்டும். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனவருக்கு அந்த வரியே அரணாகிவிடுகிறது.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இதே சிரம்பானில் தீபா சுப்ரமணியத்துக்கு என்ன நடந்தது? கணவர் மதம் மாறினார். 2013இல் ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளை அவருக்குக் கொடுத்தது. இந்துவான தீபா அந்த நீதிமன்றத்தில் வழக்காடவே வழியில்லை. 2014 ஏப்ரல் 7ஆம் தேதி சிரம்பான் உயர் நீதிமன்றம் இரண்டு பிள்ளைகளையும் தீபாவிடம் ஒப்படைத்தது. ஏப்ரல் 9ஆம் தேதி, இரண்டே நாளில், ஜெலுபு வீட்டிலிருந்து 6 வயது மகனைத் தூக்கிக்கொண்டு போனார் முன்னாள் கணவர். தாய் கதறினாள். இரண்டு நீதிமன்றத்தின் இரண்டு உத்தரவுக்கு நடுவே போலீஸ் எதுவும் செய்யமுடியாது என்று கைவிரித்தார் தேசிய போலீஸ் படைத் தலைவர். பிள்ளையை மீட்டுத் தரச்சொல்லி மே மாதம் உயர் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது. அதற்கும் பிள்ளை வரவில்லை.

2016 பிப்ரவரி 10. சிவில் முறையில் பதிந்த திருமணத்தின் வழக்கு சிவில் நீதிமன்றத்துக்கே உரியது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்தமட்டில் நியாயம். பிறகு நீதிபதிகள் பிள்ளைகளிடம் பேசினார்கள். மகளைத் தாய்க்கும் மகனைத் தந்தைக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஏறத்தாழ இரண்டு வருஷம் அந்தப் பையன் யார் கையால் சாப்பிட்டான்? யார் பக்கத்தில் படுத்துத் தூங்கினான்? அவனிடம் கேட்டால் வேறு என்ன சொல்வான்? பிள்ளை மேல் குற்றமில்லை. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பதிலும் தப்பில்லை. அந்த விருப்பம் எப்படி விளைந்தது என்பதை எடைபோட வேண்டாமா?

ஈப்போ இந்திரா காந்தியைப் பாருங்கள். 2009இல் மதம் மாறிய கணவர் 11 மாதக் கைக்குழந்தையைக் கொண்டுபோனார். 2010இல் உயர் நீதிமன்றம் பராமரிப்பு உரிமையை இந்திராவுக்குக் கொடுத்தது. 2016இல் முன்னாள் கணவரைக் கைதுசெய்யும்படி போலீசுக்குக் கூட்டரசு நீதிமன்றமே கட்டளையிட்டது. தாயைக் கேளாமல் அவர் பிள்ளைகளுக்குச் செய்த ஒருதலையான மதமாற்றம் செல்லாது என்று 2018இல் சொன்னது. அதற்குப் பிறகும் வருஷங்கள் ஓடின. அந்தத் தாயின் கைக்கு மகள் வரவில்லை.

மதம் குறுக்கே வந்த வழக்குகள் என்று இவற்றை ஒதுக்காதீர்கள். என் வழக்கில் மதமே இல்லை. என்னைக் கட்டியவரும் நானும் ஒரே கோயிலில் கும்பிட்டவர்கள். ஆனாலும் கதி இதுதான். வழக்கு ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவருக்கு இன்னும் சில மாதம் கூடுகிறது. பையன் அங்கே பழகிவிட்டான், மறுபடி கலைக்கவேண்டாம் என்று அவர் லாயர் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். போன மாதம் ஒரு தடவை போனைக் கொடுத்தார்கள். "அம்மா, இங்க எனக்குத் தனிக் கட்டில் இருக்கு" என்றான். எப்போது வருவாய் என்று கேட்டேன். பக்கத்தில் யாரையோ பார்த்திருக்கவேண்டும், பதில் இல்லை. இதே கொடுமையை அனுபவிக்கும் அப்பாக்களும் உண்டு. பிள்ளையை ஒளித்துவைத்தால் தாயும் குற்றவாளிதான், நான் மறுக்கவில்லை.

நீதிபதிகளே, உத்தரவு எழுதும் அன்றைக்கே, மீறினால் பிள்ளையை உடனே மீட்டுத் தரும் பொறுப்பு போலீசுக்கு உண்டு என்றும் சேர்த்து எழுதுங்கள். உத்தரவை மீறிப் பிள்ளையை வைத்திருந்த நாட்களை, வைத்திருந்தவர் கணக்கில் வரவு வைக்காதீர்கள். சீக்கிரம் விசாரியுங்கள். அடுத்த விசாரணைத் தேதி வருவதற்குள் என் மகனுக்கு 7 வயது முடிந்துவிடும்.