திறந்தால் குறையும் மின்சாரம்

குளியலறைக் குழாயைச் சட்டென்று மூடும்போது சில வீடுகளில் சுவருக்குள் 'டொக்' என்று சத்தம் வரும். ஓடிவந்த நீர் திடீரென நிற்க முடியாமல் குழாயை இடிக்கிறது. இதற்கு 'நீர்ச் சுத்தியல்' என்று பெயர். 1890களின் இறுதியில் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதித்து, இதற்குக் கணக்கு எழுதியவர் ஜூக்கோவ்ஸ்கி.

வீட்டில் சத்தத்தோடு போய்விடும். திரங்கானுவின் கென்யிர் போல 4 டர்பைன்களில் 400 மெகாவாட் தரும் நிலையத்தில் போகாது.

விளங்கிக்கொள்ள ஓர் உதாரணம் (இது கென்யிரின் கணக்கு அல்ல). நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. குழாயின் நீளம் 400 மீட்டர், விட்டம் 5 மீட்டர், நீரின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். குழாய்க்குள் மட்டும் சுமார் 7,800 டன் நீர்! கதவை ஒரே நொடிப்பொழுதில் மூடினால் 500 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம் கூடுதலாக எகிறும். 8 விநாடி எடுத்து மூடினால் அது 30 மீட்டருக்குள் அடங்கும். ஆனால் மின்சுமையை இழந்த டர்பைன் அந்த 8 விநாடியும் தறிகெட்டுச் சுற்றும். குழாயைக் காப்பதா, டர்பைனைக் காப்பதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உண்மைக் குழாயில் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் நிலையத்தையே சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

திறக்கும்போது நடப்பது இன்னும் வேடிக்கை. எங்கோ ஓர் எரிவாயு மின்நிலையம் நின்றுவிட்டது, 50 ஹெர்ட்ஸ் சரிகிறது, நீர்மின் நிலையத்திடம் கூடுதல் மின்சாரம் கேட்கிறார்கள். கதவு அகலத் திறக்கிறது. மின்சாரம் கூடவில்லை, முதலில் குறைகிறது! வழி பெரிதானாலும் குழாயிலுள்ள நீர் இன்னும் வேகம் எடுக்கவில்லை. கதவருகே அழுத்தம் விழுந்துவிடுகிறது. நம் உதாரணத்தில் நீர் வேகம் பிடிக்க ஏறத்தாழ 2 விநாடி வேண்டும். இது தெரியாத கட்டுப்பாட்டுக் கருவி, 'போதவில்லை' என்று இன்னும் திறக்கும், பின்பு அதிகமாகிவிட்டதென்று மூடும். இப்படித் தள்ளாடியே மின்கட்டமைப்பைக் கவிழ்த்துவிடலாம். பொறுமையாகத் திறக்கக் கருவிக்குக் கற்றுக்கொடுப்பது கணினி மாதிரியின் வேலை.

மாதிரியில் எழுதாத ஒன்றை மாதிரி சொல்லாது. 2009 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யாவின் சயானோ-சுசென்ஸ்கயா நிலையத்தில் 2ஆம் டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அறுந்தன. நீர் பீறிட்டு 75 பேர் இறந்தனர். தேவைக்கேற்ப அடிக்கடி ஏற்றி இறக்கப்பட்ட டர்பைன் அது. ஒவ்வொரு முறையும் அதிர்வு மிகுந்த நிலையைக் கடந்து போயிற்று. உலோகம் களைத்துப்போனது. நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டும் கணக்கிடும் மாதிரியில் போல்ட்டுக்கு இடமே இல்லை. அதிர்வுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சூரியத் தகடுகள் பெருகப் பெருக, மேகம் மறைக்கும்போதெல்லாம் 'ஏற்று, இறக்கு' என்ற கட்டளை நீர்மின் நிலையங்களுக்குத்தான் அடிக்கடி போகும்.