லயத்து வீட்டுக்காரனுக்கு உயில் எதற்கு?

"எங்ககிட்ட என்னங்க இருக்கு, உயில் எழுதி வைக்க? தோட்டம் கம்பெனியோடது, லயம் கம்பெனியோடது. மிஞ்சுறது ஒரு மோட்டார் சைக்கிள்தான்." கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் இப்படிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஆங்கிலச் சட்டத்தில் இறந்தவர் விட்டுச் சென்ற சொத்துக்குப் பெயரே 'எஸ்டேட்'தான். மோட்டார் சைக்கிள் ஒன்றே இருந்தாலும் அது எஸ்டேட்டுதான்!

சிரிக்குமுன் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்போமே. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் 10 வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பங்குப் பத்திரம் எத்தனை வீடுகளில் கிடக்கிறது? தோட்டத்தை விட்டு வெளியேறியபின் கடன்பட்டு வாங்கிய மலிவு விலை வீட்டின் கிராண்டு யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் குடும்பத் தலைவர் பெயரில் மட்டும்தான்.

அவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால் என்ன ஆகும்? முஸ்லிம் அல்லாதாருக்கு 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் வரும். தாய் தகப்பன் உயிரோடிருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பெற்றவர்களுக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு அறை வீட்டை எப்படிக் கூறு போடுவது? மாமியாருக்கு அடுப்படியும் மருமகளுக்குத் திண்ணையுமா? இழவு வீட்டுச் சாப்பாடு செரிக்குமுன் மைத்துனர்கள் கணக்குப் பேச வந்துவிடுகிறார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட குடும்பங்கள் இன்றும் உள்ளன. இருபது வருடம் கூடவே வாழ்ந்தவள், பதிவுப் பத்திரம் இல்லாததால் நில அலுவலக வாசலில் 'மனைவி' என்று நிரூபிக்க முடியாமல் நிற்கிறாள். முதலில் பதிந்துவிடுங்கள். உயிலையும் அதற்குப் பிறகே எழுதுங்கள், ஏனென்றால் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு பொதுவாக ரத்தாகிவிடும். மறுமணம் செய்வோருக்கும் இதே கதிதான்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். தீபகற்பத்தில் 18 வயது நிரம்பியவர் வெள்ளைத்தாளில் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். கையெழுத்துத் தெரியாத பெரியவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்திலிருந்து பார்த்து, அவர்களும் கையெழுத்திட வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். "வேற யாரு இருக்கா, மகனே போடட்டும்" என்று மகனையோ மருமகளையோ சாட்சியாக்கிவிடுகிறார்கள். உயில் செல்லும், ஆனால் சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு போய்விடும். மண்டோரையும் கிராணியையும் கூப்பிடுங்கள், பங்கு கேட்கிற ஆளைக் கூப்பிடாதீர்கள். சொத்தை எடுத்துப் பங்கிட ஒருவரின் பெயரையும் உயிலிலேயே எழுதிவிடுங்கள்.

சேமநிதிப் பணத்துக்கு வேறு வழி. அங்கே யாரை நியமனம் செய்தீர்களோ அவருக்குத்தான் பணம், உயிலில் என்ன எழுதினாலும் சரி. கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயரைக் கொடுத்தவர்கள் இந்த வாரமே போய்ப் பாருங்கள். கூட்டுறவுப் பங்குக்கும் வாரிசு நியமனம் உண்டு. தாத்தா கொடுத்த பெயருக்குரியவர் இப்போது இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

எழுதிய உயில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வீட்டுக்காரியிடமும் சொல்லி வையுங்கள்.