கதவுக்கு வெளியே யாரு?

ஹாஸ்டல் ரூமுக்குள்ள ஜூனியரைப் போட்டு வறுக்கிறாங்க. வார்டன் வர்றாரானு நீங்க வெளியே காவல். அடிக்கலை, திட்டலை. அப்போ உங்க பேர் என்ன பாஸ்? நண்பன்? ம்ஹூம்... 'உடந்தை'!

காசு வாங்கினா கைக்கூலி, கட்டையைத் தூக்கினா அடியாள், மாட்டினதும் கூட்டாளியைப் போட்டுக் கொடுத்தா அப்ரூவர்னு நாம ரகம் பிரிச்சு வெச்சிருக்கோம். ஆனா, தமிழ்நாட்டோட 1997 ராகிங் தடைச் சட்டத்துல செஞ்சவருக்கும் உடந்தைக்கும் ஒரே கணக்குதான். 2 வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். குற்றம் நிரூபணமானா காலேஜை விட்டும் டிஸ்மிஸ்!

போன வருஷம் அப்படியொரு கதவுக்கிட்ட நானும் பத்து நிமிஷம் நின்னேன். 'சும்மாதானே நிக்கிறோம்'னு நினைப்பு. அந்தப் பையன் இன்னிக்கும் மெஸ்ல என் டேபிள் பக்கம் வர்றதில்லை.