“ஐ7” என்ற ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்



உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்க நினைக்கும் உம்மா வாப்பாமாருக்கு இது. “ஐ7, கண்ணாடிக் கேசிங், கலர் லைட்” என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

முதலில் புரொசசரின் முழு நம்பரைக் கேளுங்கள். ஐ7-2600 என்றால் 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை. 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் வேகம் நன்றாகவே கூட. விண்டோஸ் 11 அந்தப் பழையதை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நம்பரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்டுக்குத் தனிக் காசு வேண்டும்.

அடுத்தது மதர்போர்ட். ஐ7-2600 பொருந்தும் எல்ஜிஏ 1155 சொக்கெட்டில் மூன்றாம் தலைமுறைக்கு மேல் போக வழியில்லை. எல்ஜிஏ 1700 என்றால் 12, 13, 14ஆம் தலைமுறைகள் பொருந்தும். பிள்ளை கெம்பஸ் போகும்போது புரொசசரை மட்டும் மாற்றலாம்.

கேசிங் கடைசி. நம் ஊர் வெக்கைக்கு முன்பக்கம் வலை வைத்த, காற்றுப் போகும் கேசிங்தான் நல்லது. மிஞ்சும் காசை நல்ல பவர் சப்ளைக்குப் போடுங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, “ஐ7” என்பது பொய்யில்லைதான். ஆனால் தலைமுறையைச் சொல்லாமல் விற்பது குறையை மறைத்து விற்பது. அதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது.

பெற்றோரே, பில்லில் முழு நம்பரையும் எழுதி வாங்குங்கள்.