எத்தனை கூழைக்கடா இருந்தது?

சுட்டிகளே, ஆறு கடலில் கலக்கும் இடம்தான் முகத்துவாரம். வடசென்னை எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. அங்குள்ள மீனவர் குடியிருப்பின் பெயரே முகத்துவாரக்குப்பம்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அப்போது மழை வெள்ளத்தோடு, மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூருக்கு வந்துவிட்டது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்துப் போயின. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகிலும் எண்ணெய் அப்பிக்கொண்டது. இறகில் எண்ணெய் பட்டால் உள்ளே தண்ணீர் புகும், பறவை நனைந்து நடுங்கும், பறக்கவும் சிரமப்படும். பறவை ஆர்வலர்கள் அவற்றைப் படம் பிடித்தனர். வனத்துறையினர் மீட்க முயன்றனர்.

சரி, எத்தனை பறவைகள் குறைந்தன? முன்பு எத்தனை இருந்தன என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? டப்பாவில் அம்மா எத்தனை முறுக்கு வைத்தார் என்று தெரியாமல், எத்தனை காணோம் என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் ஆபத்து இல்லாத நாளிலும் கணக்கு எடுக்க வேண்டும். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. இதற்கு விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்த்து, எண்ணி, பெரியவர்கள் உதவியோடு 'இ-பேர்ட்' இணையதளத்தில் பதிய வேண்டும். காக்கா, மைனாவுக்கும் அதில் இடம் உண்டு. உலகம் முழுவதும் மக்கள் தரும் கணக்கு அங்கே சேர்கிறது, ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

கணக்கு எடுத்தால் மட்டும் எண்ணெய் நின்றுவிடாது. அதைத் தடுப்பது ஆலைகள், அரசின் பொறுப்பு. ஆனால், 'இங்கே பறவையே இருந்ததில்லை' என்று நாளை யாராவது சொன்னால்? உங்கள் நோட்டு பதில் சொல்லும்!