தம்புள்ளை சொன்னதும் மாந்தை சொல்லாததும்

கனடாவிலிருந்து தம்பி குடும்பத்தினர் வந்திருந்தார்கள். காலையில் தம்புள்ளைக் குகை விகாரைகள், மாலையில் மன்னார் என்பது ஒரு நாள் திட்டம். மதவாச்சி வழியாக வந்து, திருக்கேதீச்சரத்தில் வழிபட்டபின் அருகிலுள்ள மாந்தை மேட்டில் நின்றோம். அப்போது பதினைந்து வயதுப் பெறாமகன் கேட்டான்: "பெரியப்பா, இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

அவன் கேட்டதில் பிழையில்லை. தம்புள்ளையில் அவன் கண்டவை ஐந்து குகைகள், 157 சிலைகள், கூரையெங்கும் ஓவியங்கள். 1991இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற தலம் அது. மாந்தையில் அவன் கண்டதோ முட்பற்றையும் மண்மேடும் சில ஓட்டுத் துண்டுகளும்தான். நாம் நின்ற இடத்தில், அது என்ன இடம் என்று சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

ஆனால் காலையில் கேட்ட கதையின் தொடக்கமே இந்த மேட்டில்தான் இருக்கிறது. வலகம்பா மன்னன் அரசிழந்து ஒளிந்திருந்த குகைகளையே பின்னர் விகாரைகளாக்கினான் என்பது தம்புள்ளையின் மரபுக்கதை. அவனை அரசிழக்கச் செய்த ஏழு தமிழ்த் தலைவர்கள் படையுடன் வந்திறங்கிய துறை மகாதித்த என்று மகாவம்சம் கூறுகிறது. மகாதித்த என்பது நமது மாதோட்டம், இன்றைய மாந்தை. விஜயனுக்கு மணமகளாகப் பாண்டிய இளவரசி வந்திறங்கியதும் இதே துறையில் என்கிறது அந்நூல். படையும் பெண்ணும் ஒரே துறையால் வந்த வரலாறு நம்முடையது.

இங்குள்ள ஈசனைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினார்கள். சோழர் காலத்தில் இவ்வூருக்கு இராசராசபுரம் என்று பெயர். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வில் சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. சிலுவை பொறித்த முத்திரையொன்றும் கிடைத்தது. போர் அந்தப் பணியை நிறுத்தியது. 2009-10இல் மீண்டும் அகழ்ந்தபோது கருகிய மிளகும் ஒற்றைக் கராம்பும் அகப்பட்டன. அக்காலத்தில் கராம்பு விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அவ்வளவு தூரத்து வாசனை இந்த மண்ணில் புதைந்து கிடந்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதி ஒரு பலகை நட்டால் என்ன என்று தம்பியிடம் கேட்டேன். "பலகை நட்டால் பின்னால் காணியும் போகும், அண்ணா" என்றான். குருந்தூர்மலைப் பிணக்கை அறிந்த எவரும் அந்த அச்சத்தைக் குறைகூற மாட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் தொல்லியல் என்ற சொல்லே மக்களுக்கு உறக்கத்தைக் கெடுக்கும் சொல்லாகியிருக்கிறது.

இருந்தும் என் கருத்து வேறு. பேசாமல் விட்ட இடத்தைத்தான் பிறர் தம் விருப்பப்படி பேசுவார்கள். மாந்தை முழுவதும் எமதே என்று சொல்வதும் அதே பிழையின் மறுபக்கம். அந்தத் துறையில் சைவரும் பௌத்தரும் பாரசீகக் கிறித்தவரும் முஸ்லிம் வணிகரும் கப்பல் கட்டினார்கள். உள்ளதை உள்ளபடி மும்மொழியிலும் எழுதினால் ஒருவர் தனியே உரிமை கோர இடமிராது. அகழ்ந்தெடுத்தவற்றில் ஒரு பகுதியேனும் மன்னாரிலேயே காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். தம்புள்ளையில் வலகம்பாவின் கதையைச் சொல்பவர்கள், மாதோட்டத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். மன்னார்ப் பாடசாலைகள் சுற்றுலாவுக்குப் பேருந்து பிடிக்கும்போது முதலில் தம் ஊர் மேட்டுக்கு வரவேண்டும். இதற்கு அரசைக் காத்திருக்கத் தேவையில்லை.

பொழுது சாயுமுன் பாலத்தைக் கடந்து தீவுக்குள் சென்றோம். 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையையும், அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் பார்த்தோம். பெறாமகன் மரத்தைப் படம் பிடிக்கவில்லை. கைத்தொலைபேசியில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன்.

"மாந்தையில் எடுத்த படம், பெரியப்பா. அதற்குக் கீழே என்ன எழுதுவது?"

நாம் சொல்லிக் கொடுத்தால் அவன் எழுதுவான்.