செத்தால் தியாகி, பிழைத்தால் சந்தேகமா?

சாதத் ஹசன் மண்டோ என்றால் பிரிவினைக் கதைகளைத்தான் பலரும் சொல்வார்கள். எங்கட ஆக்கள் வாசிக்க வேண்டியது அவர் உருதுவில் எழுதிய இன்னொரு கதை. பெயர், ‘1919இல் நடந்த ஒரு விஷயம்’ என்று வரும்.

1919 ஏப்ரல், அமிர்தசரஸ். தலைவர்களைப் பிடித்ததும் சனம் தெருவில் இறங்குகிறது. தாசி ஒருத்தியின் மகன் தைலா, வெள்ளைக்காரச் சிப்பாய்மேல் பாய்ந்து குண்டுபட்டுச் சாகிறான். அவனுடைய சகோதரிகள் ஷம்ஷாத்தும் அல்மாஸும் பேர்போன ஆட்டக்காரிகள். துக்கம் ஆறுமுன்னே வெள்ளை அதிகாரிகள் அவர்களை ஆட அழைக்கிறார்கள்.

ரயிலில் இதைச் சொல்லிவரும் ஆள், இருவரும் அதிகாரிகளை முகத்துக்கு நேரே இகழ்ந்து, சுடப்பட்டுச் செத்தார்கள் என்று முடிக்கிறார். கேட்பவருக்குச் சந்தேகம். இந்த முடிவு நீங்களே கட்டியதோ என்கிறார். அந்த ஆள் ஒப்புக்கொள்கிறார். தியாகியான அண்ணன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண்களைத் திட்டவும் செய்கிறார்.

மண்டோ அவர்களைத் திட்டவில்லை. துவக்கு வைத்திருப்பவன் கூப்பிட்டால் அவர்கள் என்னதான் செய்ய முடியும்? சாகாமல் இருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

அந்த ரயில் பயணி எங்களுக்குள்ளும் இருக்கிறார். 2009க்குப் பிறகு தடுப்பு முகாம்களிலிருந்தும் ‘புனர்வாழ்வு’ நிலையங்களிலிருந்தும் திரும்பிய பெண் போராளிகளை ஊர் எப்படிப் பார்த்தது? “உள்ளுக்க என்ன நடந்ததோ” என்று குசுகுசுத்தது. கலியாணப் பேச்சுகள் முறிந்தன. வேலை கேட்டுப் போன இடத்திலும் சந்தேகம். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015இல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அடுத்த வருடம் வந்தது. அவர் உயிரோடு மீண்டதையே குறையாகப் பேசியவர்கள் புலம்பெயர் நாடுகளிலும் இருந்தார்கள்.

நான் வேலை செய்யும் பலேர்மோவிலும் நவம்பர் 27இல் விளக்கேற்றுகிறோம். ஏற்றத்தான் வேண்டும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் செத்தவர்களின் கதையை மட்டும் சொன்னால், பிழைத்து வந்த அக்காமாரைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்? தப்பி வந்தவளிடம் “நீ எப்படித் தப்பினாய்?” என்று விசாரணை வைக்க, வெளிநாட்டில் பத்திரமாக இருக்கும் எங்களுக்கு உரிமையில்லை. “இப்ப எப்படி இருக்கிறீங்கள் அக்கா?” என்று மட்டும் கேட்போம்.